‘ஓலும்’ என்றால் ‘டேய்’

ஜூன் 10

இல்லை, நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்ததைத்தான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கு வேறென்ன வேலை.

முதல் நாள். பெரம்பூரில் கிளப்பின் வாடகை மைதானம். பாதி புல், பாதி செம்மண். எனக்குக் கால்பந்து தெரியாது. அங்காராவில் இரண்டு வருடம் உதவித்தொகையில் இலக்கியம் படித்தவளுக்குச் சென்னையில் கிடைத்த வேலை இது: ஒரு துருக்கிக்காரர் கத்துவதைத் தமிழில் திருப்பிக் கத்துவது. பல்கலைக்கழகத் தோழிகள் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டால் ‘விளையாட்டுத்துறை ஆலோசனை’ என்று சொல்வதாக இருக்கிறேன்.

கோச்சின் பெயர் ரிஃபாத் துனலி. ஐம்பது கடந்தவர். ஒரு காலத்தில் இடது விங்கர். அதாவது இடது கோட்டை ஒட்டியே ஓடி, பந்தைக் கோலுக்கு முன்னால் அனுப்பிவைக்கிறவர். இன்று காலையில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கிளப்பின் உரிமையாளர் துருக்கியிலிருந்து மார்பிள் இறக்குமதி செய்கிறவர். மார்பிளோடு கோச்சையும் ஒரே கன்டெய்னரில் இறக்கிவிட்டார் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள்.

அவர் எல்லா வாக்கியத்தையும் ‘ஓலும்’ என்றே ஆரம்பிக்கிறார். அகராதிப்படி ‘என் மகனே’. ஆனால் அங்கே அப்பாக்கள் மட்டும் சொல்கிற சொல் இல்லை. நண்பன் நண்பனைச் சொல்வான். கோபத்தில் சொல்வார்கள், செல்லத்திலும் சொல்வார்கள். சென்னையில் ‘மவனே’ என்றால் அடுத்தது அடிதான். ஒரு நொடிதான் யோசித்தேன். ‘டேய்’ என்றேன். கச்சிதம். கோபமும் அதில் உண்டு, பிரியமும் உண்டு.

எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜூன் 14

சாப்பாட்டு இடைவேளையில் பையன்கள் கோச்சைச் சூழ்ந்துகொண்டு அவர் ஆடிய காலத்தைப் பற்றிக் கேட்டார்கள். கருங்கடல் ஓரத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். மலைச்சரிவில் தேயிலை, கீழே கடல், சமதளம் என்று இருந்தது பள்ளிக்கூட முற்றம் மட்டும். பந்து சரிவில் உருண்டால் கடலுக்குப் போய்விடும். அதனால்தான் பந்தைக் காலை விட்டுப் பிரியாமல் ஓட்டக் கற்றேன் என்றார். பத்தொன்பது வயதில் இஸ்தான்புல். பெரிய கிளப். நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம்.

“ரசிகர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். தோல்முஷ்.”

தோல்முஷ் என்றால் வழியில் கைகாட்டும் எல்லாருக்கும் நின்று, ஆளை ஏற்றி இறக்கிப் போகிற வண்டி. இவர் பந்தை வைத்துக்கொண்டு எதிர்ப்படும் எல்லாரிடமும் நின்று, போக்குக்காட்டி, பிறகுதான் பாஸ் கொடுப்பாராம்.

“ஷேர் ஆட்டோ,” என்றேன்.

மைதானமே சிரித்தது. கோல்கீப்பர் பாஸ்கர் அண்ணா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார். “கோச், மூலக்கடை போவுமா?” என்று எபினேசர் கையைக் காட்டினான். நான் அதை மொழிபெயர்த்தேன். கோச் ஹாரன் அடிப்பதுபோல் சத்தம் எழுப்பினார். “ஏறுடா ஓலும், ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது,” என்றார்.

எபினேசர் வியாசர்பாடிப் பையன். இருபத்திரண்டு வயது. அவனும் இடது விங்கர். பந்து அவனிடம் வந்தால் கோச் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

ஜூன் 19

இன்று முழுக்க இரண்டு ஓரங்களுக்கும் பயிற்சி. இடது எபினேசர், வலது நிகில். நிகில் கோச்சின் பேச்சைக் கவனமாகக் கேட்பவர். பெசன்ட் நகரிலிருந்து சொந்த பைக்கில் வருகிறார். எம்.பி.ஏ. சேரப்போகிறாராம். எபினேசர் வயதுதான்.

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்க இதே மாதிரி:

“டேய் எபி, கோட்ட விட்டு உள்ள வராத. அங்கயே நில்லு.”

“நிகில், நீங்க கொஞ்சம் லைன்லயே இருந்துக்கங்க.”

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். ஆசையாக வாங்கிய கட்டுரைத் தொகுப்பு பிரிக்காமலே கிடக்கிறது.

ஜூன் 27

மழை. பயிற்சி இல்லை. துணி துவைத்தேன், காயவில்லை.

ஜூலை 3

கோச்சை அவர் தங்கியிருக்கும் ஓட்டலில் விட கிளப் காரில் போனோம். புரசைவாக்கம் நெரிசல். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். இப்படித்தான் பேசுவார், கேட்கிறவர் இல்லாதது போல.

இருபத்தொன்பதாவது வயதில் ஒரு ஆட்டத்தின் பாதியில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். சரியாக ஆடிக்கொண்டிருந்தாராம். பெஞ்சில் உட்காரவில்லை. உடை மாற்றவில்லை. கதவைத் தாண்டி, காலில் பூட்ஸோடு, தெருவில் இறங்கி நடந்தார். பஸ்ஸில் ஏறினார். பூட்ஸின் ஆணிகள் பஸ் படியில் டக் டக் என்றன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாராவது பின்னால் வருவார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தத்தில், அதற்கு அடுத்த நிறுத்தத்தில். வீடு வந்துவிட்டது. யாரும் வரவில்லை. அந்தக் கிளப்புக்காக அப்புறம் நான் ஆடவே இல்லை. வேறு எங்கும் சரியாக ஆடவும் இல்லை.”

பிறகு கோச் வேலை. சின்ன ஊர்கள், சின்ன அணிகள். போனில் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறார்களாம், பத்திரிகையில் போட்டுத் தூக்கியிருக்கிறார்களாம். ஒரு முறை முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது சலூன்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம். “பாதி தலையில் எழுந்து வர முடியுமா? முழுசாக வெட்டிக்கொண்டுதான் வந்தேன்.”

சிரித்தேன். பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று வீடு வரும்வரை சங்கடமாக இருந்தது. இந்தச் சங்கடம் எனக்குச் சீக்கிரம் வரும். நாகரிகமானவள் என்பதற்கு இதையே நான் சான்றாக வைத்திருக்கிறேன்.

ஜூலை 11

முதல் பயிற்சி ஆட்டம், வெளி அணியோடு. இரண்டுக்கு ஒன்று, வெற்றி. இரண்டு கோலும் எபினேசர் அனுப்பிய பந்தில். “என் காலை இவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் ஊருக்குப் போகலாம்,” என்றார் கோச். “கோச் சந்தோஷமா இருக்காருடா,” என்று அவனிடம் சொன்னேன். நேரமில்லை, சுருக்கிவிட்டேன்.

முடிந்தபின் மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் கோன்கள் சிதறிக் கிடந்தன. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எபினேசரிடம் எடுத்துவைக்கச் சொன்னேன். யாராவது எடுக்க வேண்டுமே. வாசல் கடையிலிருந்து கோச்சுக்கும் எனக்கும் டீயும் அவனே வாங்கி வந்தான். நிகில் பைக்கில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தேங்க்ஸ் என்றேன்.

நல்ல நாள்.

ஜூலை 18

எபினேசர் போய்விட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலைப் பயிற்சி. பந்து பறிபோனதும் விங்கர்கள் பின்னால் ஓடி வந்து தடுக்க வேண்டும். இரண்டு பேருமே வரவில்லை. கோச் முதலில் இடது பக்கம் கத்தினார். நான், “டேய், பின்னாடி ஓடி வாடா. அங்க நின்னுட்டு யாரப் பாக்கற?” என்றேன். பிறகு வலது பக்கம் கத்தினார். நான், “நிகில், நீங்களும் கொஞ்சம் பின்னாடி வந்துடுங்க,” என்றேன்.

எபினேசர் பந்தைக் காலடியில் நிறுத்தினான். மெதுவாகக் கோட்டுக்கு வந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

“நான் ஒண்ணும் வூட்டு வேலைக்கு வரல மேடம்.”

கோச் என்னைப் பார்த்தார். நான் உடனே மொழிபெயர்த்தேன். ‘நான் உங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை என்கிறான்.’ அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை.

எபினேசர் அணிந்திருந்த பயிற்சிச் சட்டையைக் கழற்றினான், வீசவில்லை, மடித்துப் பைகளின் மேல் வைத்தான். பூட்ஸோடு கேட்டைத் தாண்டி நடந்தான்.

“இந்த நடையை எனக்குத் தெரியும்,” என்றார் கோச்.

ஜூலை 19

கோச் கேட்டார்: “நான் என்ன சொன்னேன் அவனை?”

“தெரியவில்லை,” என்றேன்.

“மற்றவர்களிடம் சொன்னதைத்தானே சொன்னேன்?”

“ஆமாம்.”

இரண்டு பதில்களையும் தனித்தனியாகப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது.

வெயில். பொடுகு ஷாம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 22

மேனேஜர் குலசேகரன் வந்தார். லீகுக்கான ஆட்டக்காரர் பட்டியலை 28ஆம் தேதி திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவர்களுக்கு இந்த சீசன் கிடையாது. வேறு எந்த அணியிலும் இனி இடம் இருக்காது.

“அந்த எபினேசர எடுத்துடலாம்னு கோச் கிட்ட சொல்லுங்கம்மா. இந்த ஏரியா பசங்களே இப்பிடித்தான். கால்ல வித்தை இருக்கும், தலைக்கனம் அதவிட ஜாஸ்தி இருக்கும்.”

கோச் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கள்வரை பொறுக்கச் சொன்னார். “நான் அவனுக்கு என்ன செய்தேன் என்று தெரிந்தால் போதும்,” என்றார். குலசேகரனுக்கு அதை மொழிபெயர்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை. என் வேலையில் நான் சுத்தம்.

போன முறை ‘இந்த ஏரியா பசங்க’ என்று யாரோ சொன்னபோது, அங்காராவில், வேறொரு நாட்டு ஏரியாவைப் பற்றி, எழுந்து நின்று மறுத்துப் பேசினேன். வகுப்பு கைதட்டியது. இன்று நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 24

கிளப்பின் இன்ஸ்டாகிராமில் பழைய பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கோச் கையை ஆட்டுகிறார், படத்துக்கு வெளியே என் குரல். கீழே கமெண்ட்: ‘கோச் கெத்து, அந்த அக்கா அதுக்கும் மேல.’ வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ஹாலில் உட்கார்ந்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

“டேய், அந்தப் பக்கம் போ. சொன்னா கேக்க மாட்ட?”

சமையலறையில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “சிந்து, தண்ணி கேன் பையனா? காலி கேன் பின்னாடி இருக்கு பாரு, எடுத்துக் குடு.”

“இல்லம்மா. யாரும் வரல.”

“பின்ன யாரடி அதட்டிண்டிருந்த?”

வீடியோ தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடியது. எபினேசருக்கு அடுத்து நிகில். அதே கோச், அதே கை, அதே ‘ஓலும்’. என் குரல் மட்டும் படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகிறது. ‘நீங்க கொஞ்சம்.’

அம்மாவுக்கு முகம் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை, கால்பந்து தெரியவில்லை. குரலை வைத்தே, நான் யாரிடம் பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். அது அவளுடைய குரல்.

ஜூலை 25

‘நிகில் வந்தான்’ என்று எழுதிப் பார்த்தேன். கை கூசியது.

‘எபினேசர் வந்தார்’ என்று எழுதினேன். பொய்யாக இருந்தது. வேஷம்.

இருபத்திரண்டு வயதுப் பையன்கள் இரண்டு பேர். என்னைவிட நான்கு வயது சின்னவர்கள். ஒருவன் எனக்கு அவர், ஒருவன் எனக்கு அவன். யாரும் என்னை உட்கார வைத்து இதைச் சொல்லித் தரவில்லை. சாதி பற்றி அங்காராவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். மேற்கோள்கள், அடிக்குறிப்புகள். பேராசிரியர் பாராட்டினார். அந்தச் சொல்லை இந்த நாட்குறிப்பில் இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

இனிமேல் இரண்டு பேரும் அவன்தான். அதுவாவது கோச் சொன்னபடி இருக்கட்டும்.

பயிற்சி முடிந்து கோச்சிடம் சொன்னேன். எல்லாரும் போனபிறகு, பெஞ்சில். துருக்கியிலும் ‘சென்’, ‘சிஸ்’ உண்டு. நீ, நீங்கள். அதனால் விளக்குவது சுலபமாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நிகிலுக்கு சிஸ். எபினேசருக்கு சென்.”

“நான் ஆடுகளத்தில் யாருக்குமே சிஸ் சொல்வதில்லை. கிளப் தலைவர் மகன் ஆடினாலும் சொல்ல மாட்டேன். எங்கிருந்து வந்தது இந்த சிஸ்?”

“என்னிடமிருந்து.”

“நிகிலின் அப்பா என்ன செய்கிறார்?”

“டாக்டர்.”

“எபினேசரின் அப்பா?”

“தெரியாது. கேட்டதில்லை.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு ஏங்கவும் செய்தேன்.

“அப்படியென்றால் இத்தனை நாளும் அந்தப் பையனிடம் நான் உன் வாயால் பேசியிருக்கிறேன்.”

“ஆமாம்.”

“அந்த ‘டேய்’ கெட்ட வார்த்தையா?”

“இல்லை. பிரியத்திலும் சொல்வார்கள்.”

“நீ பிரியத்தில் சொன்னாயா?”

இதற்குத் துருக்கியில் எனக்கு வாக்கியம் கிடைக்கவில்லை. தமிழில் தேடவும் பயமாக இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறோம்,” என்றார். “நீ என்ன செய்தாய் என்பதை நீ சொல். அதை நான் சொல்லி நீ மொழிபெயர்க்க வேண்டாம்.”

ஜூலை 26

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ‘வருந்துகிறேன்’ என்றால் நாடகம். ‘சாரி’ என்றால் பஸ்ஸில் காலை மிதித்தது போல. கண்ணாடி முன்னால் நின்று ‘எபி, நீங்க’ என்று சொல்லிப் பார்த்தேன். என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 27

வியாசர்பாடி. கோச்சும் நானும் ஆட்டோவில் போனோம். மைதானத்தில் உள்ளூர்ப் போட்டி, மைக்கில் ஒருவர் வர்ணனை செய்துகொண்டிருந்தார். கேட்டில் நின்ற பையன்கள் கோச்சைப் பார்த்ததும், “தோ பார்டா, ஷேர் ஆட்டோ வந்துகீறாரு,” என்றார்கள். எபினேசர் இங்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் என்றால் என்னையும்தான்.

அவன் ஆட்டம் முடிந்து, சுவர் ஓரம் உட்கார்ந்து கணுக்கால் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று நான்கு நண்பர்கள். கோச்சைப் பார்த்ததும் எழுந்தான். “வாங்க கோச்.” ஒரு நாற்காலி வரவழைத்தான். கோச் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

“எபி, நீங்க வந்து...”

“இன்னா மேடம், திடீர்னு நீங்க? பேங்க்ல டோக்கன் கூப்புட்ற மாதிரி கீது.”

நண்பர்கள் சிரித்தார்கள்.

“கோச் உங்கள ஒரு தடவகூடக் குறைச்சுப் பேசல. எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிட்டார். டேய், வாடா, போடா எல்லாம் நான் போட்டது. நிகிலுக்கு மட்டும் நீங்கன்னு மாத்தினதும் நான்தான். அவருக்கு இது எதுவும் தெரியாது.”

“தெரியும்,” என்றான்.

“என்ன தெரியும்?”

“அவரு அல்லாரையும் ஓலும் ஓலும்னுதான் கூப்புட்றாரு. நிகிலயும் அதான், பாஸ்கர் அண்ணனயும் அதான். எனக்கு துருக்கி தெரியாது. காது கேக்கும்ல.”

“அப்ப ஏன் அவர்கிட்ட அப்படி...”

“அவருகிட்ட நான் எப்ப சொன்னேன்? கோன் பொறுக்கச் சொன்னது அவரா? டீ வாங்கியாறச் சொன்னது அவரா? உங்க கிட்டதான் சொன்னேன் மேடம். வூட்டு வேலைக்கு வரலன்னு. நீங்க டக்குனு அவரு பக்கம் திரும்பி, அத அவரு தலையில தள்ளிட்டீங்க.”

நண்பர்கள் இப்போது சிரிக்கவில்லை. கோச் பொறுமையாகக் காத்திருந்தார். நான் சொன்னதையும் அவன் சொன்னதையும் அவருக்குத் துருக்கியில் சொன்னேன். கோனும் டீயும் வந்த இடத்தில் நாக்கு தடுமாறியது. இருந்தும் விடவில்லை.

கோச் அவனிடம் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி எனக்கு நேரம் கொடுத்தார்.

“நானும் இப்படி ஒருநாள் பூட்ஸோட நடந்து போனேன். யாரும் கூப்பிட வரல. நீ போனப்ப அன்னிக்கே உன் பின்னாடி வந்திருக்கணும். லேட்டா வந்திருக்கேன். நாளைக்கு லிஸ்ட் குடுக்கணும். எனக்கு இடது பக்கம் நீதான் வேணும்.” கடைசியாக ‘வா’ என்றார். நானும் ‘வா’ என்றேன். டா இல்லாமல், ங்க இல்லாமல். எப்படி ஒலித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எபினேசர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தான்.

“வரேன். அவரு மேல எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கே வரேன்.” பிறகு கோச்சை நேராகப் பார்த்தான். “ஆனா இவங்க வேணாம் கோச். நிகில் இங்கிலீஷ்ல சொல்லட்டும். இல்ல, கையக் காட்டுங்க. புரிஞ்சிக்கிறேன்.”

‘இவங்க’ என்றுதான் சொன்னான், இப்போதும்.

கோச் என்னிடம் திரும்பினார். “என்ன சொல்கிறான்?”

வருகிறேன் என்கிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. சுற்றி நின்றவர்களில் யாருக்கும் துருக்கி தெரியாது.

துருக்கியில் அவன், அவள், அவர், இவங்க எல்லாவற்றுக்கும் ‘ஓ’ என்று ஒரே ஓரெழுத்துச் சொல்தான். ஆணா பெண்ணா தெரியாது, மரியாதை உண்டா இல்லையா தெரியாது. படிக்கப் போன முதல் வாரம் அதைக் கண்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

“நாளைக்கே வருகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஓ வேண்டாம். நிகில் ஆங்கிலத்தில் சொல்லட்டும், அல்லது கையைக் காட்டுங்கள், புரிந்துகொள்வேன் என்கிறான்.”

“ஓ யார்?” என்றார் கோச்.

“நான்,” என்றேன்.

அவர் எபினேசரிடம் கையை நீட்டினார். அவன் டேப் ஒட்டியிருந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கொடுத்தான்.

மைதானத்துக்கு வெளியே வந்து குலசேகரனுக்குப் போன் செய்தேன். பட்டியலில் எபினேசர் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்றும், ஏன் என்றும் சொன்னேன். கோச்சுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.